மூன்றாவது பேஸைத் தாண்டினால் போன் கால் கட்: கவரேஜ் அல்ல, சிங்க்

சார், மாதவரம் குடோனில் வரிசையாக நாலு பேஸ் (கார்ட்லெஸ் போனுக்குச் சிக்னல் தரும் பெட்டி). நின்று பேசினால் தெளிவு, மூன்றாவதைத் தாண்டி நடந்தால் கட் என்கிறீர்கள். இது கவரேஜ் குறையில்லை, சிங்க் கோளாறு, அதாவது பேஸ்களின் நேரம் ஒத்துப்போகவில்லை. இந்த போன்களின் டெக்ட் ரேடியோ முறையில் 10 மில்லிசெகண்டு ஃப்ரேமில் 24 ஸ்லாட் (நேரத் துண்டு). பேஸ்கள் நேரம் ஒத்துப்போகாவிட்டால் ஹேண்ட்ஓவர், அதாவது பேச்சு அடுத்த பேஸுக்கு மாறுவது, நடக்காது.

முதல் பேஸை மாஸ்டராக (மற்றவை நேரம் பிடிக்கும் தலைமை பேஸாக) வைத்திருந்தால் மாற்றுங்கள். இரண்டாவதே மாஸ்டர், ஒன்றும் மூன்றும் அதைப் பிடிக்கட்டும், நான்காவது மூன்றாவதைப் பிடிக்கட்டும். சங்கிலி நீளநீளப் பிசகும் கூடும்.

பேஸுக்கும் பேஸுக்கும் இடையே சிக்னல் -70 டிபிஎம்முக்குக் (சிக்னல் பல அளவு) குறையக் கூடாது. சரக்கு நிரம்பிய நாளில் அளந்து பாருங்கள், காலி குடோனில் அளப்பது வீண். இரும்பு ரேக்தான் பெரிய எதிரி. பேஸை ரேக் உச்சிக்கு மேலே, தூணை ஒட்டாமல் மாட்டுங்கள். ரேடியோவுக்குப் பதில் நெட்வொர்க் கேபிள் வழியே நேரம் ஒத்துவைக்கும் லேன் சிங்க்குக்கு உங்கள் சாதாரண ஸ்விட்ச் போதாமல் போகலாம், பிடிபி (நேரம் ஒத்துவைக்கும் நெட்வொர்க் முறை) தாங்கும் ஸ்விட்ச் நல்லது. மாஸ்டரை மாற்றும்போது எல்லா பேஸும் ரீஸ்டார்ட் ஆகலாம்; லோடு இறங்கும் நேரத்தில் செய்யாதீர்கள்.