தாழிக்குள் இருப்பவர் யார்?

வணக்கம். கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையில் கிடைத்த எலும்புகளில் டிஎன்ஏ எடுத்துப் பார்க்கிறார்கள் என்று படித்தேன். அது தெரிந்துவிட்டால் பானை ஓடு, பாசிமணி என்று இன்னும் குழி தோண்ட வேண்டுமா? நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்று பெரியவர்கள் சொல்வதையும் இப்படியே உறுதி செய்துவிடலாம் அல்லவா?
— ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள ஐயா,

தோண்டத்தான் வேண்டும். டிஎன்ஏ வந்த பிறகு முன்னைவிடக் கவனமாகத் தோண்ட வேண்டும்.

இங்கிலாந்தில் ஹேசல்டன் என்ற இடத்தில் சுமார் 5,700 ஆண்டுப் பழைய கல்லறை ஒன்று இருக்கிறது. அதில் 35 பேரின் டிஎன்ஏவை ஆராய்ந்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். 27 பேர் ஒரே குடும்பம், ஐந்து தலைமுறை. ஓர் ஆண், அவருக்குப் பிள்ளை பெற்ற நான்கு பெண்கள், அவர்கள் வழி வந்தவர்கள். கல்லறையில் வடக்கே ஓர் அறை, தெற்கே ஓர் அறை. எந்த அறையில் அடக்கம் என்பது பெரும்பாலும் எந்தப் பாட்டி வழி என்பதைப் பொறுத்திருக்கிறது. வளர்ந்த பெண்மக்கள் அங்கே இல்லை. வாழ்க்கைப்பட்ட இடத்துக்குப் போயிருக்க வேண்டும்.

அப்புறம், அந்தக் கூட்டத்தில் சிலருக்குத் தாய் அந்த வீட்டுக்கு வந்தவள், தகப்பன் வேறு ஆள். ஆனாலும் அடக்கம் குடும்பத்தோடுதான். டிஎன்ஏவை மட்டும் பார்த்தால் அவர்கள் வேற்றாள். கல்லறையை மட்டும் பார்த்தால் சொந்த மகன்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் பிள்ளையாக ஏற்றுக்கொண்டது தெரிந்தது. பிள்ளை கூட்டும் வழக்கமுள்ள நம் ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

பானையை மட்டும் நம்பவும் முடியாது. ஐரோப்பாவில் மணி வடிவக் குவளைகள் பல நாடுகளில் கிடைக்கின்றன. ஸ்பெயினுக்கும் மத்திய ஐரோப்பாவுக்கும் இடையே குவளைப் பழக்கம்தான் பரவியது, ஆட்கள் பெரிதாக இடம் மாறவில்லை. பிரிட்டனிலோ அதே குவளையோடு ஆட்களும் வந்தார்கள். சில நூற்றாண்டுகளில் அங்குள்ளவர்களின் மரபணுவில் சுமார் 90 சதவீதம் மாறிப்போனது. கறுப்பு சிவப்புப் பானை கிடைத்த ஊரெல்லாம் ஒரே சனம் என்று நாம் சொல்லிவிடக் கூடாது.

நம் வெயிலுக்கு டிஎன்ஏ சீக்கிரம் சிதைந்துவிடும். ஹரியானாவில் உள்ள சிந்துவெளி நாகரிக ஊரான ராக்கிகடியில் 61 மாதிரிகளைச் சோதித்து, ஒரே ஒரு பெண்ணிடமிருந்துதான் பயன்படும் அளவுக்கு எடுக்க முடிந்தது. அதுவும் உள்காதைச் சுற்றியிருக்கும் கெட்டி எலும்பிலிருந்து.

இனி காவிரிப்பூம்பட்டினம். எரியூட்டும் வழக்கமுள்ள குடும்பங்களில் முன்னோர் எலும்புக்கு எங்கே போவது? மரபணுவில் ஊர்ப்பெயரும் இருக்காது. அந்தக் கேள்விக்குக் கல்வெட்டும் ஓலையும் பூம்புகார் அகழாய்வும்தான் கதி. ஆனால் வேறொன்றைச் சோதிக்கலாம். நகரத்தார் ஒன்பது கோயில்களின் பெயரால் பிரிந்திருக்கிறார்கள், அந்தப் பிரிவும் தகப்பன் வழியில் வருகிறது. ஆண்களின் ஒய் குரோமோசோமும் அப்படியே. இன்று இருப்பவர்களிடம் பார்த்தாலே, ஒரு கோயில் பங்காளிகள் ஒரே தகப்பன் வழிதானா, வெவ்வேறு வழியினர் வந்து சேர்ந்தவர்களா என்பது புலப்படும். எனக்கு இதில் நிறைய ஆவல் உண்டு.

உங்கள் பக்கம் வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ ஊருணி தூர் வாரும்போதோ தாழி தட்டுப்பட்டால், வேலையை நிறுத்திவிட்டுத் தாசில்தாருக்குச் சொல்லச் சொல்லுங்கள். எலும்பை வெறுங்கையால் தொட்டால் நம் டிஎன்ஏ அதில் ஏறிவிடும். கழுவவே கூடாது. வெளியே எடுத்து வைத்துவிட்டால் எந்த எலும்பு எந்தக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்தது என்பதும் போய்விடும்.

அன்புடன்.