பழைய பலாக் கதவில் ஒரு கிட்டார்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வீட்டில் ஒரு பழைய பலாக் கதவு சும்மா கிடக்கிறது. அதில் எலெக்ட்ரிக் கிட்டார் செய்ய ஆசை. ஆல்டர், ஆஷ், மஹாகனி மாதிரி மரம் இல்லாமல் நல்ல சத்தம் வராது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

தாராளமாகச் செய்யுங்கள். எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒலியை எடுப்பது பிக்கப், அதாவது காந்தத்தைச் சுற்றிய ஒரு செம்புச் சுருள். அதற்கு மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது, அவ்வளவுதான். கம்பி எவ்வளவு நேரம் நின்று அதிர்கிறது, எந்த அதிர்வை மரம் விழுங்கிவிடுகிறது என்கிற வழியில்தான் மரம் உள்ளே வருகிறது, அதிலும் பாடியைவிட, விரல் வைத்து வாசிக்கும் கழுத்தான நெக்குக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் அனுபவம். பிக்கப்பை ஒரு மில்லிமீட்டர் ஏற்றி இறக்கிப் பாருங்கள், அந்த வித்தியாசம் உடனே காதில் விழும்.

அமெரிக்க கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1940 வாக்கில் ஒரு பைன் கட்டையில் பிக்கப்பை மாட்டி, இரண்டு பக்கமும் ஒரு கிட்டாரின் பாதிகளைச் சேர்த்து வாசித்தவர். பின்னாளில் குயின் ராக் குழுவின் கிட்டார் கலைஞரான பிரையன் மே 1963இல் தன் அப்பாவோடு சேர்ந்து கிட்டார் செய்ய ஆரம்பித்தபோது, ஒரு பழைய கணப்பின் மேல்சட்டத்து மஹாகனியில்தான் நெக் செதுக்கினார். பூச்சி அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள். குயின் குழுவின் பாட்டுகளில் நாம் கேட்பது அந்தக் கிட்டாரைத்தான்.

பலா நல்ல தேர்வு. மஞ்சளாக இருக்கும் மரம் வருடம் போகப் போகப் பழுப்பாகப் பழுக்கும் அழகுக்காகவே நான் அதன்மேல் சாயம் ஏற்ற மாட்டேன். இழைப்பதற்கு முன் கதவில் ஆணி மிச்சம் இருக்கிறதா என்று காந்தம் வைத்துத் தடவிப் பாருங்கள். பாடிக்குச் சுமார் 45 மிமீ கனம் வேண்டும், கதவு மெலிசாக இருந்தால் இரண்டு பலகையை ஒட்டிக்கொள்ளலாம். எடையையும் முன்பே கணக்குப் போடுங்கள். குடைந்து முடித்த பாடி ஏறக்குறைய 4 லிட்டர் கன அளவு வரும், அதனால் லிட்டருக்கு 450 கிராம் உள்ள மரம் என்றால் 1.8 கிலோ, 850 கிராம் என்றால் 3.4 கிலோ. இரண்டாவதைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் நிற்க முடியாது, உள்ளே அறை அறையாகக் குடைந்து எடையைக் குறைத்தே ஆக வேண்டும்.

கேள்வி: மில்லில் வாங்கிய பலகை காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கையால் தொட்டுப் பார்த்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள். பலகையின் ஓரத்தில் இல்லாமல் நடுவிலிருந்து ஒரு சின்னத் துண்டு வெட்டி எடை போடுங்கள். 103 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓவனில் வைத்து, எடை இனி குறையாது என்கிற வரை காயவிடுங்கள். 54 கிராம் இருந்தது 50 ஆனால், குறைந்த 4 கிராமை 50ஆல் வகுக்க 8 சதவீத ஈரம். 6 முதல் 10 வரை இருந்தால் வேலையை ஆரம்பிக்கலாம். அதற்கு மேல் என்றால் பலகைகளுக்கு நடுவே குச்சி கொடுத்து அடுக்கி, நிழலில் காற்றாட விட்டுவிடுங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு.

கேள்வி: பேஸ் கிட்டாருக்குத் தேக்கில் ஒரே துண்டாக நெக் செய்தேன். மூன்று மாதத்தில் முறுக்கிக்கொண்டது. நெக்குக்குள் ஓடும் எஃகுக் கம்பியான ட்ரஸ் ராடைத் திருகியும் சரியாகவில்லை. எங்கே தவறு?

படித்ததும் மனசு கனத்தது, எனக்கும் முதல் பேஸில் இதேதான் நடந்தது. ட்ரஸ் ராடு முன்னும் பின்னும் வளைவதைத்தான் சரிசெய்யும், முறுக்கை அது தொடவே தொடாது. முறுக்கு கொஞ்சம்தான் என்றால் நெக்கின் முகப்பில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளைப் பிடுங்கி, அவை பதிந்த பலகையைச் சமமாக இழைத்துப் புதிதாக அடிக்கலாம். அதிகம் என்றால் அந்த நெக்கை விட்டுவிடுங்கள், வருத்தம்தான்.

பேஸ் நெக்கை வெறும் நீளமான கிட்டார் நெக் என்று நினைக்கக் கூடாது. கிட்டாரில் கம்பியின் நீளம் 648 மிமீ, கம்பிகள் சேர்ந்து இழுப்பது சுமார் 45 கிலோ. பேஸில் நீளம் 864 மிமீ, நான்கே கம்பி 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். மரமோ வளையங்களின் போக்கில் சுருங்குவது, குறுக்கே சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ரேகை சாய்ந்து ஓடும் துண்டு, காயும்போது ஒரு பக்கமாகத் திரும்புவது அதனால்தான். அடுத்த முறை மூன்று அல்லது ஐந்து பட்டைகளாக அறுத்து, ஒன்றுவிட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டு ஒட்டுங்கள், ஒன்று இழுக்கும் திசைக்கு எதிராக அடுத்தது இழுக்கும். தேக்கில் எண்ணெய் உண்டு, ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது. அதில் உள்ள மணல்சத்து இழைப்புளியின் கூர்மையையும் சீக்கிரம் தின்றுவிடும். அப்புறம் முக்கியமான விஷயம், பொறுமை. உருவத்தைச் சற்றுத் தடிமனாக வெட்டி இரண்டு வாரம் போட்டுவையுங்கள், திரும்புவதாக இருந்தால் அப்போதே திரும்பட்டும், மிச்சத்தை அதன் பிறகு செதுக்கலாம்.

பேஸில் பாடியின் மேல் பக்கம் நீட்டி நிற்கும் கொம்பின் நுனி 12வது ஃப்ரெட் வரை எட்டட்டும், இல்லாவிட்டால் தலை தரையைப் பார்த்துச் சாயும்.

கேள்வி: ஃப்ரெட்டுகள் பதியும் பலகையான ஃப்ரெட்போர்டுக்கு ஈட்டி மரமே (ரோஸ்வுட்) போடலாமா?

அருமையான மரம், ஆனால் தூள் பலருக்குத் தோலில் தடிப்பு உண்டாக்கும். எந்த மரத்தூளானாலும் முகமூடி இல்லாமல் தேய்க்காதீர்கள். செய்த கிட்டாரை நாடு கடந்து அனுப்பும் எண்ணம் இருந்தால் இன்னொன்றும் உண்டு. ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம், ஏற்கெனவே முதல் பட்டியலில் இருந்த பிரேசில் ஈட்டியைத் தவிர, முழுவதும் 2017 ஜனவரி 2 முதல், அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் நாடு கடந்த வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2019இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது, வெறும் மரத்துக்குக் கிடைக்கவில்லை. எனக்குப் பிடித்த மாற்று, முதிர்ந்த புளியமரத்தின் வைரம். அறுக்க மகா கஷ்டம், ஆனால் கருஞ்சிவப்பாக, கல் மாதிரி நிற்கும்.

கேள்வி: ஃப்ரெட் இடைவெளிக்கு எளிய கணக்கு உண்டா?

உண்டு. கம்பியின் நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட்டின் தூரம், அதைக் கழித்த மீதி நீளத்தை மறுபடி வகுத்தால் அடுத்த இடைவெளி, இப்படியே வகுத்துக்கொண்டே போங்கள். 648 மிமீக்கு முதல் ஃப்ரெட், தலைப் பக்கம் கம்பிகளைத் தாங்கும் சின்னக் கட்டையான நட்டிலிருந்து 36.4 மிமீயில் வரும். ஒவ்வொன்றின் தூரத்தையும் நட்டிலிருந்தே அளந்து குறியுங்கள், முந்தைய ஃப்ரெட்டிலிருந்து அளந்தால் சின்னப் பிழைகள் சேர்ந்துவிடும். 12வது சரியாக 324 மிமீயில் விழ வேண்டும். விழாவிட்டால் ரம்பத்தை எடுக்காமல் கணக்கை மறுபடி போடுங்கள்.