தேசிய அணியில் ஆடியவர் நல்ல கரப்பந்துப் பயிற்றுவிப்பாளராக வருவாரா?

வருவார். ஆனால் உடனே வரமாட்டார். களுவாஞ்சிகுடிப் பக்கம் எங்கள் கழகத்துக்குப் பயிற்சி தந்த சேர் தேசிய அணிச் சட்டை போட்டவர். அவரிடம் ஆறு வருடம் இருந்தேன், பாதி நாள் பந்து பொறுக்கத்தான்.

முதல் வருடம் அவர் எதையும் சொல்லித்தரவில்லை. அடித்துக் காட்டுவார். "இப்படி அடி மனே" என்பார். நாங்கள் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு அடுத்த பந்தை வலைக்குள் அடிப்போம். அவருக்குக் கோபம் வரும். தனக்கு அது எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது, அதுதான் சிக்கல். சின்ன வயதில் கை பழகிய வேலையை வாயால் சொல் என்றால் யாருக்கு வரும்?

அப்புறம் காற்று. அவர் கொழும்பில் சுகததாச உள்ளக அரங்கில் ஆடிப் பழகியவர். எங்கள் மைதானமோ கடற்கரை மணல். கச்சான் காற்று கிளம்பினால் உயர்த்தி எடுத்த பந்து கடல் பக்கம் போய்விடும். "சேர், இந்தக் காத்துக்குப் பதிச்சு, தாழ்வாத்தான் எடுக்கணும்" என்று எங்கள் செட்டர், அடிப்பவனுக்குப் பந்து எடுத்துக் கொடுக்கும் பொடியன், சொன்னபோது முறைத்தார். அடுத்த நாள் அவரே பதித்து எடுக்கச் சொன்னார்.

பிறகு அவருக்கு முழங்கால் போனது, துள்ள முடியாது. என்னைக் கேட்டால் அவர் பயிற்றுவிப்பாளரானதே அதற்குப் பிறகுதான். ஒரு பின்னேரம் மூன்று சிரட்டையோடு வந்து, பந்தை அடிக்க ஓடிவரும் காலடிக்கு அடையாளமாக மணலில் கவிழ்த்து வைத்தார். முதலாவதற்குப் பக்கத்தில் இடது கால், சின்ன எட்டு. இரண்டாவதற்கு வலது கால், நல்லா நீட்டி. மூன்றாவது அதற்கு ஒட்டியபடி, இடது கால், உடனே துள்ளல். தவறி மிதித்தால் வெறுங்காலில் குத்தும், அதனால் மறக்காது. இரண்டு கிழமை பந்தே தரவில்லை. இடக்கைக்காரன் ஒருவன் இருந்தான், அவனுக்குக் காலை மாற்றிச் சொல்லிக் கொடுத்தார். பழைய சேராக இருந்தால் அவனையும் தன்னைப்போலவே அடிக்கச் சொல்லியிருப்பார்.

பெரிய இடத்து உதாரணம் வேண்டுமென்றால் சீனாவின் லாங் பிங். 'இரும்புச் சுத்தியல்' என்று பெயரெடுத்தவர், 1984 ஒலிம்பிக்கில் ஆடித் தங்கம் வென்றவர். 2008 இல் அமெரிக்கப் பெண்கள் அணிக்குப் பயிற்றுவிப்பாளராகப் பெய்ஜிங்குக்கே போய்ச் சீனாவை 3-2 என்று வென்றார். 2016 ரியோவில் சீன அணி அவர் கையில். முதற்சுற்றில் ஐந்து ஆட்டத்தில் மூன்று தோல்வி. அப்போது தங்களைத் தோற்கடித்த நெதர்லாந்தை அரையிறுதியிலும், சேர்பியாவை இறுதியிலும் வென்று தங்கம் எடுத்தார்கள். அங்கே அவர் ஒரு பந்தும் அடிக்கவில்லை, கரையில் நின்றார்.

தொழிலாக நினைத்துக் கேட்கிறீர்களென்றால், சரி, அதையும் சொல்கிறேன். கரப்பந்து 1991 இல் இலங்கையின் தேசிய விளையாட்டானது. ஆனாலும் எங்கள் சேர் பந்து வாங்கியது சொந்தக் காசில். உடற்கல்வி ஆசிரியராகவோ விளையாட்டு உத்தியோகத்தராகவோ ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு, சர்வதேச கரப்பந்துச் சம்மேளனத்தின் முதலாம் நிலைப் பயிற்றுவிப்பாளர் பயிற்சிநெறியையும் முடித்துவிட்டு இறங்குங்கள். வெறும் பயிற்சியை நம்பி அடுப்பெரியாது.

சேர் இப்போதும் பின்னேரம் வருவார், கதிரையில் இருந்து பார்ப்பார். சின்னப் பொடியன்களுக்கு நான்தான் சிரட்டை வைக்கிறேன். இடைவெளி பிழைத்தால் பின்னாலிருந்து சத்தம் வரும்: "மனே, ரெண்டாவது கிட்டக் கிடக்கு."