செயின் பறிப்பு திருட்டா, கொள்ளையா? எத்தனை வருஷம் உள்ளே?

சேலம் ஐந்து ரோட்டில் பைக்கில் வந்து செயினை அறுத்துக்கொண்டு போனால் என்ன தண்டனை என்று கேட்டிருக்கிறீர்கள். பேப்பர்காரர்கள் எல்லாவற்றையும் கொள்ளை என்றே எழுதிவிடுவார்கள், சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம்தான். அதற்கு முன் நடந்தது என்றால் பழைய ஐபிசி.

ஏற்காட்டில் களத்தில் காய்கிற மிளகை யாருக்கும் தெரியாமல் ரெண்டு கிலோ அள்ளிக்கொண்டு போவது வெறும் திருட்டு, பிரிவு 303, அதிகபட்சம் 3 வருஷம். பொருள் 5,000 ரூபாய்க்குள் இருந்து, அவனுக்கு அதுதான் முதல் தண்டனை, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றால் ஜெயிலே இல்லை, சமூக சேவைதான். அதே மிளகை வீட்டுக்குள்ளிருந்து எடுத்தால் 7 வருஷம் வரை போகும்.

உங்கள் கேஸ் 304, பறிப்பு. இதற்கும் 3 வருஷம் வரைதான், கூட அபராதம். எனக்கே இது குறைச்சலாகத்தான் படுகிறது. ஆனால் கத்தியைக் காட்டினாலோ, பறிக்கும்போது வேண்டுமென்றே தள்ளிக் காயப்படுத்தினாலோ அது வழிப்பறி, 309, 10 வருஷம் வரை; காயப்படுத்தியிருந்தால் ஆயுள் தண்டனை வரைகூடப் போகும். வழிப்பறியையே பெங்களூர் ஹைவேயில் பொழுது சாய்ந்து விடிவதற்குள் செய்தால் 14 வரை. அப்புறம், ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் கூட்டுக்கொள்ளை, ஆயுள் தண்டனை வரை உண்டு.

எஃப்ஐஆர் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். வாங்கி, 303 போட்டிருக்கிறார்களா, 304ஆ, 309ஆ என்று முதலில் பாருங்கள்.