ஆடு போனது, ரசீது வந்தது

கேள்வி: எங்கள் பட்டியிலிருந்து ஒரே ராத்திரியில் இரண்டு ஆடுகள் திருடு போய்விட்டன. ஸ்டேஷன் 14 கி.மீ. தள்ளி இருக்கிறது. புகார் கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். என்று ஒரு ரசீது கொடுத்தார்கள். எப்.ஐ.ஆர். கேட்டால் 'ஐயா வரட்டும்' என்கிறார்கள். ஒரு மாதம் ஓடிவிட்டது. பட்டிக்காட்டுக்காரர்கள் என்றால் இப்படித்தானா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நான் ஏட்டாக ஓய்வு பெற்றவன், அம்மா. சர்வீஸில் பாதிக் காலம் கிராமத்து ஸ்டேஷனில் ரைட்டர் வேலை, அதாவது புகார், ரசீது எழுதுகிற வேலை. 'ஐயா வரட்டும்' என்று நானே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

காலை ரோல் காலில் பத்துப் பேர் நிற்போம். ஒருவர் பாரா, ஒருவர் கோர்ட், ஒருவர் சம்மன், மூன்று பேர் எங்கேயோ பந்தோபஸ்து. ராத்திரி பீட் போனவர்கள் தூங்கப் போய்விடுவார்கள். எஸ்.ஐ. ஜீப்போடு விபத்து நடந்த இடத்தில் இருப்பார். மிச்சம் நானும் என் மேஜையும்தான். ஆள் பற்றாக்குறை நிஜம். ஆனால் உங்கள் ஆட்டுக்கு அது காரணம் இல்லை. எப்.ஐ.ஆர். போட்டால் கண்டுபிடிக்காத திருட்டு என்று மாதாமாதம் மேலிடத்தில் கேள்வி வரும். சி.எஸ்.ஆர். வெறும் புகார் வந்ததற்கான ரசீதுதான், வழக்கு இல்லை; அதனால் கேள்வி வராது. பெரும்பாலும் சங்கதி இவ்வளவுதான்.

ஒருமுறை ஒரு பெரியவர், ஆடு கட்டியிருந்த கயிற்றைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். அறுபட்ட முனை ஒரே வெட்டாக, பிசிறே இல்லாமல் இருந்தது. அது சாட்சிப் பொருள் என்று எனக்குத் தெரியும். ரசீது எழுதிக் கொடுத்து, கயிற்றை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். உங்கள் பட்டியில் அப்படி ஏதாவது கிடந்திருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சரி, சட்டத்துக்கு வருவோம். வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எப்.ஐ.ஆர். கட்டாயம் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 173-ஆவது பிரிவு. சிலவகைக் குற்றங்களில் முதலில் விசாரித்துவிட்டுப் பதியலாம். அதற்கும் டி.எஸ்.பி. அனுமதி வேண்டும், 14 நாளில் முடிக்க வேண்டும். உங்களுக்குத்தான் மாதமே ஆகிவிட்டதே! அப்புறம் அந்த 'ஐயா வரட்டும்'. அதிகாரி இல்லாத நேரத்தில், கான்ஸ்டபிளுக்கு மேலான பதவியில் அங்கே இருப்பவர்தான் நிலையப் பொறுப்பாளர். ஏட்டு இருந்தால் போதும், பதியலாம்.

ஒரு இடத்தில் மட்டும் உஷாராக இருங்கள். புதிய தண்டனைச் சட்டப்படி 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல்முறை திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. அந்த வகையில் போலீஸ் தானாக வழக்குப் பதிய முடியாது. புகாரில் மதிப்பு எழுதாமல் விட்டால், 'சின்னத் திருட்டு' என்று தள்ளிவிட வசதியாகிவிடும். அதனால் ஆட்டின் நிறம், வயது, காதில் வெட்டிய அடையாளம், இரண்டுக்கும் சேர்த்து என்ன விலை, எல்லாவற்றையும் எழுதுங்கள். சி.எஸ்.ஆர். நகலோடு மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கேயும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. எப்.ஐ.ஆர். போட்டதும் நகல் இலவசமாகத் தர வேண்டும். ஜெராக்ஸுக்குக்கூடக் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுத் தகராறில் என் அம்மா சாட்சி. 62 வயது. ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்கள். போக வேண்டுமா?
- இன்னொரு வாசகர்

பதில்: வேண்டாம். சாட்சி பெண்ணாக இருந்தால் எந்த வயதானாலும் வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். 60 தாண்டிய ஆண்களுக்கும் அப்படியே. மேலே சொன்ன அதே நடைமுறைச் சட்டத்தின் 179-ஆவது பிரிவு என்று போனிலேயே சொல்லுங்கள். வருகிறவருக்கு ஒரு நாற்காலி போட்டு வையுங்கள், போதும்.