வெயிலில் தீவனம் குறைத்த பன்றிகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடலாமா?

கேள்வி: என் பன்றிகள் 60 கிலோ இருக்கின்றன. கொட்டிலில் மதியம் 35 டிகிரியைத் தாண்டுகிறது. தீவனத்தை மிச்சம் வைக்கின்றன, எடை ஏறவில்லை. வளர்ச்சி ஹார்மோன் ஊசி இதை ஈடுகட்டுமா?

பதில்: ஈடுகட்டாது. சொமாட்டோட்ரோபின் எனப்படும் இந்த ஹார்மோன், தின்ற சத்து கொழுப்பாகச் சேராமல் தசையாகும்படி திருப்பிவிடுகிறது. இதமான தட்பவெப்பத்தில், சத்தான தீவனத்தோடு தினமும் ஊசி போட்டால் எடை ஏறும் வேகம் 10 முதல் 20 சதவீதம் கூடும், முதுகுக் கொழுப்பும் மெலியும். ஆனால் பன்றி தின்பது 10 சதவீதம் அல்லது அதற்கும் மேலே குறைந்துவிடும். உங்கள் பன்றிகளுக்கு இப்போதிருக்கும் குறையே அதுதான்.

வெயிலில் வாடும் பன்றி, தின்ற சத்தைத் தசையாக்குவதைக் குறைத்துக் கொழுப்பாகச் சேர்க்கவே முனையும். அதனால் காகிதத்தில் பார்த்தால் உங்கள் யோசனை பொருந்துவதுபோலத் தோன்றும். நடைமுறையில் சிக்கல் என்னவென்றால், தசை கட்டுவதே உடலுக்குள் வெப்பம் கிளப்பும் வேலை. வியர்த்து வெப்பத்தைத் தணிக்க முடியாத பன்றிக்கு அது கூடுதல் சுமை. தசை கட்ட லைசின் என்ற அமினோ அமிலமும் (புரதத்தின் கட்டுமானக் கூறு) அதிகம் வேண்டும். பாதித் தீவனத்தை மிச்சம் வைக்கும் பன்றிக்கு அது எங்கிருந்து கிடைக்கும்? ஊசியின் அளவு மீறினால் கால் நொண்டுவதும் இரைப்பைப் புண்ணும் வரலாம்.

ஆஸ்திரேலியாவில் இந்த ஊசிக்கு அனுமதி உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் பன்றிக்குப் போட அனுமதி இல்லை. தீவனத்தில் கலக்கும் ‘வளர்ச்சி ஹார்மோன் பொடி’ என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். இந்த ஹார்மோன் 191 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். வாய்வழி போனால் வயிற்றிலேயே செரித்துவிடும்.

அந்தப் பணத்தைக் குளிர்விப்பதில் போடுங்கள். படுத்திருக்கும் பன்றியின் விலா ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்குங்கள். நிமிடத்துக்கு 40ஐத் தாண்டினால் வெப்ப அழுத்தம் தொடங்கிவிட்டது. 60ஐத் தாண்டினால் உடனே நனைக்க வேண்டும்.

நனைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். உடலைக் குளிர்விப்பது தண்ணீர் அல்ல, அது ஆவியாகும் வேகம். பெரிய துளி விழும் தெளிப்பானை 1 அல்லது 2 நிமிடம் ஓடவிட்டு, தோல் காய 20 முதல் 30 நிமிடம் நிறுத்துங்கள். காயும் நேரத்தில் மின்விசிறிக் காற்று நேராக உடலில் படட்டும். இடைவிடாமல் தெளித்தாலும், மூடிய கொட்டிலில் மூடுபனிபோல் தெளித்தாலும் ஈரப்பதம் ஏறி, பன்றி முன்பைவிட அதிகமாக மூச்சிரைக்கும்.

பன்றி வாய் வைத்துக் குடிக்கும் குழாய்முனையான நிப்பிளில் தண்ணீர் நிமிடத்துக்கு 1 லிட்டராவது வர வேண்டும். ஒரு குவளை வைத்து அளந்து பாருங்கள். 10 பன்றிக்கு ஒரு நிப்பிள் போதும். குழாய் வெயிலில் கிடந்தால் தண்ணீர் சுடும், பன்றி குடிக்காது. குழாயைப் புதையுங்கள் அல்லது மூடுங்கள்.

தீவனத்தை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் கொடுங்கள். நார்ச்சத்தும் மிகையான புரதமும் செரிக்கும்போது அதிக வெப்பம் எழும். ஆகவே தவிட்டைக் குறைத்து, 3 முதல் 5 சதவீதம் எண்ணெய் சேருங்கள். புரதத்தைச் சற்றுக் குறைத்து, குறையும் லைசினைச் செயற்கை லைசினால் நிரப்புங்கள். பிற அமினோ அமிலங்களையும் சமன்செய்ய வேண்டியிருப்பதால் கலவையைத் தீவன வல்லுநரிடம் காட்டிவிடுவது நல்லது.

வாயைத் திறந்து இரைத்தபடி விழுந்துவிட்ட பன்றியை எழுப்பி நடத்தாதீர்கள். ஐஸ் தண்ணீரைக் கொட்டினால் அதிர்ச்சியிலேயே சாகலாம். நிழல் செய்து, தரையை நனைத்து, சாதாரணத் தண்ணீரைக் கால்களிலிருந்து மெல்ல மேலே ஊற்றி விசிறுங்கள்.

மூன்று நான்கு நாள் இப்படிச் செய்தும் தின்னவில்லையா? விடியற்காலையில் ஆசனவாய் வழியே வெப்பநிலை பாருங்கள். இயல்பு 39 டிகிரி சுற்றுவட்டம். அந்தக் குளிர்ந்த நேரத்திலும் 40ஐத் தாண்டியிருந்தால் வெயிலைக் குறை சொல்வதை நிறுத்தி, பன்றியைத் தனியே பிரித்து கால்நடை மருத்துவரை அழையுங்கள்.