பக்கத்து வீட்டுக் காதல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

விடுமுறைக்கு வந்திருந்த மகளுடன் ‘நிறம்’ என்ற மலையாளப் படத்தை மறுபடியும் பார்த்தேன். 1999இல் கல்லூரி மாணவனாகச் சிரித்த இடங்களில் இன்றும் சிரித்தேன். மகளோ, “நாயகன் காதலை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இடைவேளைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய கதை” என்றாள். அவள் சொல்வது சரிதானா? அதே இயக்குநர் அதே கதையை அதே ஷாலினியை வைத்துத் தமிழில் எடுத்த ‘பிரியாத வரம் வேண்டும்’ ஏன் என் மனத்தில் இப்படித் தங்கவில்லை?

ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் சொல்வது ‘இதயம்’ படத்துக்குப் பொருந்தும். அங்கே முரளி காதலைச் சொல்லிவிட்டிருந்தால் இழப்பதற்கு அவர் கையில் எதுவும் இல்லை. ‘நிறம்’ படத்தின் நாயகன் எபிக்கு அப்படியில்லை. ஒரே நாளில் பிறந்து அடுத்தடுத்த வீடுகளில் வளர்ந்த சோனாவின் தோழமையும், கேட்காமலே அவள் வீட்டுக்குள் நுழையும் உரிமையும், இரு குடும்பங்களின் நம்பிக்கையும் அவனிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அந்த ஒரு வார்த்தை தவறிப்போனால் இவை அத்தனையும் கையைவிட்டுப் போகும்.

பாலக்காட்டுச் சித்தூர் அரசுக் கல்லூரிக்குப் பேருந்தில் போன நம் ஊர்ப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். உட்கார இடம் கிடைத்த பெண், நின்றுகொண்டு வரும் பக்கத்து வீட்டுப் பையனின் நோட்டுகளையும் சாப்பாட்டு டப்பாவையும் மடியில் வாங்கி வைத்துக்கொண்டால் எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதுவே வேறு பையனின் நோட்டாக இருந்தால் அவள் வீடு திரும்புவதற்குள் செய்தி வீட்டுக்குப் போயிருக்கும். பக்கத்து வீட்டுப் பையனுக்கு மட்டும் கிடைத்திருக்கும் அந்தச் சலுகை, காதல் என்ற பேச்சு எழுந்த மறுநாளே ரத்தாகிவிடும். தொலைபேசி கூடத்தில் எல்லார் காதுக்கும் நடுவே இருந்த காலத்தில் அது எவ்வளவு பெரிய சலுகை என்பது, தனிக் கைப்பேசியோடு வளர்ந்த உங்கள் மகளுக்கு உடனே பிடிபடாததில் வியப்பில்லை.

இவ்வளவு பயத்தை உள்ளே வைத்துக்கொண்டும் படம் கனக்காமல் போவதற்குக் காரணம், அதில் வில்லன் இல்லை என்பதும், சிரிப்பு அந்த இரு வீடுகளுக்குள்ளேயே இருக்கிறது என்பதும்தான். அக்காலத் தமிழ்க் கல்லூரிப் படங்களில் சிரிக்க வைக்கும் வேலை பெரும்பாலும் நாயகனின் நண்பர்களிடம் ஒப்படைக்கப்பட்டுவிடும். நாயகன் ஏக்கத்தோடு ஒதுங்கி நிற்பான். இங்கே லாலு அலெக்ஸும் தேவனும் நடித்த அப்பாக்கள் பிள்ளைகளுக்குச் சமமாக வாயாடுகிறார்கள்.

தமிழ்ப் படத்தைப் பொறுத்தவரை, இயக்குநர் கமலின் கை (நம் கமல்ஹாசன் அல்லர்) தளர்ந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் பக்கத்து வீட்டுப் பையனாகவே தெரிய வேண்டும். தமிழில் அந்தப் பையனாக வந்த பிரசாந்த் 2001இல் ‘ஜீன்ஸ்’ நாயகன். எந்த வீட்டில் குடியிருந்தாலும் நட்சத்திரம்தான். ஷாலினியும் அதற்குள் ‘அலைபாயுதே’யில் நடித்து, அஜித்தை மணந்துகொண்டவர். மலையாளத்தில் எபியாக வந்த குஞ்சாக்கோ போபன் நடிக்க வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. இதே கதை தெலுங்கில் ‘நுவ்வே காவாலி’யாக 2000இல் வெளியாகிப் பெருவெற்றி பெற்றதற்கும், சிறந்த தெலுங்குப் படத்துக்கான தேசிய விருதை வாங்கியதற்கும், தருண் அதில்தான் முதன்முதலாக நாயகனாக வந்தார் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ‘அஞ்சலி’யில் ஷாலினியின் தங்கை ஷாமிலிக்கு அண்ணனாக நடித்த சிறுவன்தான் இந்தத் தருண், எந்த மொழியில் எடுத்தாலும் கதை சொந்தபந்தத்துக்குள்ளேயே சுற்றுகிறது!

மகளைத் தெலுங்குப் படத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பாட்டை மட்டும் மலையாளத்திலேயே கேட்கட்டும். வித்யாசாகரின் இசையில் ‘பிராயம் நம்மில்’ பாட்டைப் பாடி அவ்வாண்டின் கேரள மாநில விருதைப் பெற்ற ஜெயச்சந்திரன் அப்போது கல்லூரிப் பையனின் அப்பா வயதையும் தாண்டியவர், 55 வயதுக்காரர் என்பதைக் கேட்டு முடித்த பிறகு சொல்லுங்கள்.